முதல் பட்டதாரி செய்த வேலை

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்தபோது, மெக்கானிக்கல் படித்தவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு பழைய சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குச் சொந்த ஊர் அரவேணு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். அங்கே இலை உருட்டும் ரோலர் ஒன்று மக்கர் செய்தது. ரொம்பப் பழைய மெஷின். அதற்கு டிராயிங் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. பீரோவைத் திறந்து பார்த்தால், மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்த இடமெல்லாம் கிழிந்தது. ஒவ்வொரு பாகமாக அளந்து நாங்களே புதிதாக வரைந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு டிராயிங் போனதற்கே இந்தப் பாடு. ஒரு மொழியின் பழைய நூல்களெல்லாம் ஏட்டுச் சுவடியாக, அதுவும் ஊருக்கு ஒன்று இரண்டாக, பரண்மேல் கிடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றியவர் என்றதும் உ.வே. சாமிநாதையர் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அவருக்கு முன்பே அந்த வேலையில் இறங்கியவர் ராவ் பகதூர் சி.வை. தாமோதரம் பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி என்ற ஊரில் 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் படித்தார். வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் படித்தார். பிறகு பத்திரிகை வேலையாக சென்னைக்கு வந்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாமோதரம் பிள்ளை, மற்றவர் அவருக்கே ஆசிரியராக இருந்த விசுவநாத பிள்ளை. நம்மைப் போன்ற பட்டதாரிகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று அவரைச் சொல்லலாம்!

அந்தக் காலத்து பி.ஏ. என்றால் சும்மாவா? உத்தியோகம் தேடி வந்தது. கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் வேலை, பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் பெரிய பதவி. 1871இல் பி.எல். தேறினார். பின்னாளில் கும்பகோணத்தில் வக்கீல், அதன்பின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. இதில் எந்த வேலைக்கும் ஏட்டுச் சுவடி தேவையில்லை. அவர் ஏடு பார்த்ததெல்லாம் ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில், கைக்காசைச் செலவழித்து.

வேலையும் லேசானதில்லை. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் எகரமா நெடில் ஏகாரமா என்று தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். போதாததற்குப் பூச்சி அரித்த ஓட்டைகள், ஒடிந்துபோன ஓரங்கள். பல ஊர்களிலிருந்து ஏடுகளை வரவழைத்து, வரி வரியாக ஒப்பிட்டுத்தான் சரியான பாடத்தைத் தீர்மானிக்க முடியும்.

இப்படியே ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன், 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி. எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சானது இந்தக் கலித்தொகைதான். கும்பகோணத்தில் இருந்தபோது, கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் சிந்தாமணியையும் தாமே பதிப்பிப்பதாகக் கேட்டுப் பார்த்தார். ஐயர் தாமே பதிப்பிக்க முடிவு செய்தார். அதுவும் 1887இலேயே வெளிவந்தது. யார் போட்டால் என்ன, அந்த ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய நூல்கள் பிழைத்துக்கொண்டன.

தவறும் நேர்ந்தது. பொருளதிகாரத்தை முழுக்க நச்சினார்க்கினியர் உரை என்றே அச்சிட்டார். கடைசிப் பகுதியின் உரை பேராசிரியருடையது என்று பிற்கால அறிஞர்கள் கண்டு சொன்னார்கள். ஒரு இன்ஜினியராக எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. அச்சாகிப் பலர் கைக்குப் போனதால்தானே பிழையைக் கண்டுபிடிக்கவே முடிந்தது? பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் திருத்த ஆளும் இல்லை, நூலும் இருந்திருக்காது.

1895இல் ராவ் பகதூர் பட்டம் கிடைத்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னையில் காலமானார்.

அவர் பிறந்த மண்ணில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகள் உட்பட, சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போயின. கலித்தொகைக்கு அந்தக் கதி வரவில்லை. அது நூறாண்டுக்கு மேலாக ஆயிரம் இடங்களில் இருக்கிறது. ஒரு நூலகத்துக்குப் பூட்டு வேண்டும், தீயணைப்புக் கருவி வேண்டும். அதைவிட முக்கியம், உள்ளே இருப்பதற்கு வெளியே இன்னொரு பிரதி இருப்பது.

இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் போனிலேயே நல்ல கேமரா இருக்கிறது. பழைய தமிழ்ப் பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நம்ம கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள், நாடக நோட்டீஸ்கள், விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைகள் இவையெல்லாம் வேறு எங்கே கிடைக்கும்? ரீயூனியனுக்கு வருகிற நண்பர்களும் வீட்டுப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் நூலகத்தில் ஸ்கேனரோடு உட்கார நான் தயார்.

கணக்கு இலாகா வேலைக்கு நடுவே அவருக்கு நேரம் கிடைத்தது. நமக்குக் கிடைக்காதா என்ன?