வேதியருக்கு வழிகாட்டிய வீரமாமுனிவர்

இத்தாலி தேசத்தில் 1680-ம் ஆண்டு பிறந்த பெஸ்கி சுவாமியார், சேசுசபைக் குருவாகித் தமிழகம் வந்தபோது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில் மாணவரைப்போல் அமர்ந்து தமிழ் படித்தார். வீரமாமுனிவர் என்று நாடு போற்றும் புலவரானார். 1726-ல் அர்ச். சூசையப்பர் சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் காவியமாகப் பாடினார்.

அக்காலத்தில் ஊர்கள் பல, குருக்களோ சிலர். சுவாமியார் வராத மாதங்களில் விசுவாசிகளைக் கூட்டி, செபம் சொல்லிக்கொடுத்து, ஞானோபதேசம் படிப்பித்து, நோயாளிகளைத் தேற்றியவர்கள் வேதியர் எனப்பட்ட உபதேசிமார்களே. அவர்கள் தவறினால் ஊரின் விசுவாசமே தளரும். இதை உணர்ந்த முனிவர், 1727-ல் அவர்களுக்கென்றே எளிய உரைநடையில் ஒரு நூல் எழுதினார். அதற்கு வேதியர் ஒழுக்கம் என்று பெயரிட்டார். பிறர் ஆத்துமத்தைக் கரைசேர்க்க வருகிறவன் முதலில் தன் ஆத்துமத்தைப் பேணவேண்டும் என்பதே அதன் சாரம்.

கொங்குநாட்டுப் பங்குகளில் இன்று அன்பியக் கூட்டம் நடத்தி வேதாகமம் விளக்கும் சகோதர சகோதரிகளே! ஞாயிறன்று நம் சொல்லைக் கேட்டவர்கள், மறுநாள் வாய்க்கால் தண்ணீர் முறையிலும் கடைத் தராசிலும் நம் நடத்தையைக் காண்கிறார்கள். இரண்டும் ஒத்திருக்க முனிவரின் நூல் நமக்கும் வழிகாட்டுவதாக.