கல்வெட்டைப் படமெடுத்த காப்டன்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிறவர்களில் அவற்றின் முன் நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1858-ம் ஆண்டில் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி அந்தச் சுவரோரமாகக் காமிராவை நகர்த்தி நகர்த்தி வைத்து, எழுத்துகளைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தார். 21 படங்களையும் சேர்த்து ஒட்டியபோது நீளம் 19 அடிக்கு மேல் வந்தது. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்னும் கடற்படைத் துறைமுக ஊரில் 1822-ல் பிறந்தவர். பன்னிரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பம். பதினாறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோது போட்டோக் கலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1854-ல் காப்டனாகத் திரும்பி வந்து சேர்ந்த இடம் நம் பங்களூர். அந்த டிசம்பரிலேயே ஹளேபீடுக்கும் பேலூருக்கும் காமிராவோடு கிளம்பிவிட்டார். மறு ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது.

1855-ல் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் அரசு அவரை அனுப்பியது. அங்கே எடுத்தவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, 50 தொகுப்புகள் தயாரித்தார். ஆறாயிரம் பிரிண்டுகள்! எல்லாம் பங்களூரில் வெயிலில் காய வைத்து எடுத்தவை.

1856-ல் சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக நியமனம் ஆயிற்று. 1857 டிசம்பரில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று நாலைந்து மாதம் சுற்றினார்.

அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. நெகடிவ் எவ்வளவோ, பிரிண்டும் அவ்வளவே. நுணுக்கம் வேண்டுமென்றால் பெரிய நெகடிவ்தான் வழி. ஆகவே காமிராவும் பெட்டி போலப் பெரியது. கண்ணாடித் தகட்டில் எடுத்தால் ஈரம் காயுமுன் அங்கேயே கழுவ வேண்டும். மாட்டு வண்டிப் பயணத்துக்கு அது சரிப்படாது. டிரைப் பெரும்பாலும் மெழுகு ஊறவைத்த காகிதத்தைப் பயன்படுத்தினார். மெழுகு ஏறியதும் காகிதத்தின் நார் மறைந்து, கல்லின் உளித்தடம்கூடத் தெளிவாக விழுந்தது. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், பிறகு சாவகாசமாகக் கழுவலாம். ஆனால் வேகம் கிடையாது. மண்டபத்துக்குள்ளே என்றால் ஒளிக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மதுரைப் புது மண்டபத்தின் நடைபாதையை அப்படித்தான் எடுத்தார். பக்கவாட்டில் வெளிச்சம் விழ, தூண் தூணாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும் அந்தப் படம் அவருடைய பெயர் பெற்ற படங்களில் ஒன்று.

காகித நெகடிவில் நீல வானம் வெறும் வெளுப்பாகத்தான் விழும். அதன் பின்பக்கத்தில் வர்ணம் தடவி மேகங்களைச் சேர்த்துவிடுவார். கல்லில் அத்தனை கறாராக இருந்த மனிதர், வானத்தில் மட்டும் கொஞ்சம் கைவரிசை காட்டினார்!

திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அப்போது அது இடிந்து கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது (1866–72) பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கோலத்தைக் காண டிரைப்பின் படங்களைத்தான் தேட வேண்டும்.

1859-ல் புதிய கவர்னர் சார்லஸ் டிரவெல்யன் வந்தார். 1857 கலகத்தால் கஜானா இளைத்திருந்தது. போட்டோ எடுப்பது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று கருதி, வேலையை நிறுத்த உத்தரவிட்டார். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ராஜதானியில் எடுக்க வேண்டிய கோயில்கள் இன்னும் எத்தனையோ மிச்சமிருந்தன. 1860-ல் கடை மூடப்பட்டது. காப்டன் பட்டாள வேலைக்குத் திரும்பினார்.

அப்புறம் அவர் எடுத்த படங்கள் மிகக் கொஞ்சம். ஓய்வு பெற்று டெவன்போர்ட் திரும்பி, சிப்பிகளும் பவளங்களும் சேகரித்துக்கொண்டிருந்தார். 1902-ல் அங்கேயே காலமானார். 2014-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடம் அவருடைய படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி தொடங்கியது. தஞ்சைக் கல்வெட்டும் மதுரைத் தூண்களும் எடுத்த கைக்கு, அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு.