பொறுப்பைப் பங்கிட்ட ராக்லண்டு ஐயர்

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் நினைவுக்கு வருகின்றன. இவை அந்த ஊரில் வேரூன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்ற ஆங்கிலேயர் ஒருவர் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினார். நான்கு ஆண்டுகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அலைந்து, 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அந்த ஊரிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 43. தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு என்பது அவர் பெயர். நெல்லைச் சீமைத் திருச்சபை வரலாற்றில் அவர் ராக்லண்டு ஐயர்.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில், ஒரு பொதுப் பணிக்கு யார் ஆள் தருகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், போனவரின் நலனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விகளே என்னை அவரிடம் கொண்டுசேர்த்தன. சமயப் பரப்புரையைப் பற்றி வாசகர்களுக்குப் பல கருத்துகள் இருக்கலாம். கம்பெனி ஆட்சியின் நிழலில் அது நடந்தது என்ற விமர்சனத்தையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், பொறுப்பை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ராக்லண்டு கண்ட வழி, சமய எல்லையைக் கடந்து சிந்திக்கத்தக்கது.

ராக்லண்டு 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, உறவினர்களின் ஆதரவில் வளர்ந்தார். லிவர்பூலில் ஒரு வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பின்னரே கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். 1841-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடினமான கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். கல்லூரி அவரைத் தன் ஆய்வறிஞர் குழுவில் சேர்த்துக்கொண்டது. குருப்பட்டமும் பெற்றார். ஆயுள் முழுவதும் நூல்களுக்கிடையே அமைதியாக வாழ்வதற்கான வசதி அவருக்கு வாய்த்திருந்தது.

அதை விட்டுவிட்டு 1845-இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் சென்னைக்குப் புறப்பட்டார். 1799-இல் லண்டனில் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் சென்னைச் செயலர் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. கணக்கு, கடிதம், கட்டடம், சம்பளம், குழுக் கூட்டம் எனச் சென்றது அந்த வேலை. வணிக அலுவலகத்தில் பழகியவருக்கு அது கடினமாக இருந்திருக்காது. ஆனால், செயலர் என்ற முறையில் திருநெல்வேலிக்குச் சென்று சபைகளை நேரில் கண்டபோது அவர் கவனத்தை ஈர்த்தது வேறொன்று.

தென் திருநெல்வேலியில், பனைமரங்களும் தேரிக்காடுகளும் நிறைந்த பகுதியில், கிறிஸ்தவ ஊர்கள் பல அதற்குள் உருவாகியிருந்தன. கோயில், பள்ளிக்கூடம், உபதேசியார் என ஒரு முழு ஏற்பாடு அங்கே இருந்தது. ரேனியஸ் ஐயரின் காலத்திலேயே தர்ம சங்கமும், மறைந்த உபதேசியார்களின் மனைவியருக்கு உதவும் நிதியும் ஏற்பட்டிருந்தன. பாளையங்கோட்டையில் எட்வர்ட் சார்ஜென்ட் நடத்திய பயிற்சி நிறுவனம் உபதேசியார்களை உருவாக்கியது. வடக்கே நிலைமை வேறு. சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களின் கரிசல் ஊர்களில் மிஷனரிகளின் காலடி அரிதாகவே பட்டிருந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் அதிலிருந்து பிரிந்தன.

மிஷனரிகள் ஓர் ஊரில் நிலையாகத் தங்கி, அங்குள்ள சபையையும் பள்ளியையும் கவனிப்பதே வழக்கம். சபை பெருகப் பெருக, அவர்களின் நேரம் முழுவதும் நிர்வாகத்தில் கரைந்துவிடும். புதிய ஊருக்குப் போக ஆள் இருக்காது. ராக்லண்டு இந்தச் சிக்கலைத் தம் அனுபவத்தால் அறிந்தவர். எனவே சொந்தமாக வீடோ நிலையமோ இல்லாமல், கூடாரங்களுடன் ஊர் ஊராகச் செல்லும் ஒரு குழுவை அமைக்கத் திட்டமிட்டார். உடல்நலம் குன்றி இங்கிலாந்து திரும்பியிருந்தபோது கேம்பிரிட்ஜில் பயின்ற டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1854-இல் மூவரும் வட திருநெல்வேலியில் பணியைத் தொடங்கினர்.

அந்தத் திட்டத்தின் அச்சாணி மூன்று ஆங்கிலேயர்கள் அல்லர். தெற்கிலிருந்த தமிழ்ச் சபைகள், தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. ஒருவர் ஒரு மாதம் தங்குவார். கூடாரத்தில் மிஷனரிகளுடன் வாழ்ந்து, அவர்களோடு கிராமங்களுக்குச் செல்வார். மாதம் முடிந்ததும் ஊர் திரும்புவார். அடுத்த சபையிலிருந்து அடுத்தவர் வருவார். அந்தச் செலவைச் சபை மக்களே தங்கள் காணிக்கையிலிருந்து ஏற்றுக்கொண்டனர்.

அக்காலத்தில் தெற்கத்திச் சபையார் பெரும்பாலும் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்தான். அவர்களின் உபதேசியார் ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பள்ளிக்கூடமும் ஆராதனையும் பாதிக்கப்படும். ஆகவே காணிக்கைப் பணத்தோடு, தங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மாதச் சேவையையும் அவர்கள் கொடுத்தார்கள். கணக்கேட்டில் ஏறாத இந்த இரண்டாவது கொடைதான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மாதம் போதாது என்று வாதிடலாம். ஊரைப் பழகி, பெயர்களை அறிந்து, நம்பிக்கையைப் பெறுவதற்குள் மாதம் முடிந்துவிடும். கரிசல் ஊர்களில் தமிழோடு தெலுங்கு பேசுவோரும் மிகுதி. தேரிக்காட்டிலிருந்து வந்தவருக்கு அந்தப் பேச்சே புதிது. இந்தக் குறை உண்மையானது. ஆனால், திரும்பிப் போகிறவர் வெறுங்கையுடன் போவதில்லை. தாம் கண்ட ஊர்களையும் மனிதர்களையும் பற்றித் தம் சபைக்குச் சொல்வார். அதுவரை பெயரளவில் கேட்டிருந்த சிவகாசியும் சாத்தூரும் கொடுத்தவர்களுக்குச் சொந்த ஊர்போல் ஆகும். அடுத்த முறை காணிக்கைப் பெட்டி வரும்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். அரை நூற்றாண்டாகப் பெறுபவர்களாகவே இருந்த சபைகளைத் தருபவர்களாக மாற்றியது இந்த முறைதான் என்பது என் கணிப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. எல்லோருடைய பொறுப்பு என்று சொல்லப்படுவது பல வேளைகளில் எவருடைய பொறுப்பும் அல்லாமல் போகிறது. பிறர் செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ளும் இந்தச் சிக்கலைப் பொருளியலில் நாங்கள் மாணவர்களுக்குக் கற்பிப்போம். ராக்லண்டின் ஏற்பாட்டில் ஒதுங்க இடமில்லை. எந்த மாதம், எந்தச் சபை, எந்த ஆள் என்பது முன்கூட்டியே தெரியும். பங்குக்கு ஒரு முகம் இருந்தது.

இந்த மண்ணின் மக்களுக்கு இது அந்நியமான கருத்தும் அன்று. விருதுநகர், சிவகாசி வணிகர்கள் வளர்த்த மகமை முறையின் அடிப்படை இதுவே. வணிகச் சரக்கின் மீது ஒரு சிறு தொகை உறவின்முறையின் பொது நிதிக்குப் போய்ச் சேரும். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி திரட்டினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பின்னாளில், 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்று, திரும்பி வந்து, கற்றதை ஊருக்கே தொழிலாக்கினார்கள். வெளியே போய்ப் பெற்றதை ஊருக்குக் கொண்டுவருவதும், ஊரார் சேர்த்ததைப் பொதுவுக்கு ஆக்குவதும் இங்கே வாழ்ந்து காட்டப்பட்ட பாடங்கள். இவற்றுக்கு ராக்லண்டு காரணர் என்று நான் சொல்லவரவில்லை. இரு வேறு ஊற்றுகளிலிருந்து வந்த ஒரே அறிவு என்றே கருதுகிறேன்.

ராக்லண்டின் அன்றாட வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856-இல். அதுவும் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம். கரிசல் காட்டில் மாட்டு வண்டியும் கால்நடையும்தான். கோடையில் கூடாரத்துக்குள் வெப்பம் தகிக்கும். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தை விடாது. நுரையீரல் நோய் ஏற்கெனவே அவரைப் பற்றியிருந்தது. அது தம்மை விடாது என்பதை அறிந்தே அவர் தங்கியிருந்தார். அவர் உயிருடன் இருந்தபோது கண்ட பலன் மிகச் சொற்பம். மண்ணில் விழுந்து மடியும் விதையைப் பற்றிய நற்செய்தி உவமையை அவர் தம் பணிக்கு இலக்கணமாகக் கொண்டிருந்தார். ஒரு நாள் திடீரென இரத்தம் பீறிட்டு, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

அவர் மறைவால் பணி நிற்கவில்லை. ஃபென், மெடோஸ் இருவரும் தொடர்ந்தனர். வட திருநெல்வேலிப் பணியில் உழைத்த தமிழர்களுள் டபிள்யூ.டி. சத்தியநாதன் குறிப்பிடத்தக்கவர். பின்னர் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாக அவர் புகழ்பெற்றார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடி இந்தியப் பெண்களுள் ஒருவரான கிருபாபாய் சத்தியநாதன் அவருடைய மருமகள். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் இன்றும் அந்தப் பணியின் தொடர்ச்சியாகப் பள்ளிகளுடன் நிற்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் முன்னோடி. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு அந்தச் சங்கம் ஊழியரை அனுப்பியது. 1909-இல் அசரியாவே அங்கு சென்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வடக்கே நூறு கிலோமீட்டருக்கு ஒரு மாதம் ஆள் அனுப்பிப் பழகிய சபைகள், வேற்று மொழி நாட்டுக்கு ஆயுள் முழுவதற்கும் ஆள் அனுப்பும் அளவுக்கு முதிர்ந்திருந்தன.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. ராக்லண்டுக்கு அவர் மறைந்த மூன்றே ஆண்டுகளில், 1861-இல், வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. பின்னர் டோனாவூர் ஏமி கார்மைக்கேலும் அவரைப் பற்றி எழுதினார். ஆனால் மாதம்தோறும் நடந்தும் வண்டியேறியும் வந்துபோன உபதேசியார்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு நூல் இல்லை. அவர்கள் இல்லாத அந்த ஒரு மாதத்தில் குடும்பத்தைக் கட்டிக்காத்த பெண்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. போகிறவரைப் புகழும் வரலாறு, அனுப்பியவரையும் தாங்கியவரையும் எளிதில் மறந்துவிடுகிறது.

இன்றும் தமிழ்நாட்டுச் சபைகள் வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகின்றன. வழியனுப்பு விழாக்கள் சிறப்பாக நடக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு, நோய்க்கான மருத்துவம், முதுமையில் ஒதுங்க ஒரு வீடு, இடையில் இறந்தால் குடும்பத்துக்கு ஆதாரம் ஆகியவற்றில் யாருடைய பங்கு எது என்பது வழியனுப்பும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். உபதேசியார்களின் விதவைகளுக்கு நிதி வைத்த முன்னோரின் வாரிசுகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

இது சபைகளுக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. பட்டாசு ஆலையில் விபத்து நேரும்போதெல்லாம் உரிமையாளர், குத்தகைதாரர், ஒப்பந்தக்காரர், உரிமம் வழங்கியவர், ஆய்வு செய்ய வேண்டியவர் எனப் பொறுப்பு கைமாறிக்கொண்டே போய், கடைசியில் இறந்தவரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பொறுப்பைப் பகிர்வது வேறு, கரைப்பது வேறு. பகிரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கும் ஒரு கெடுவும் உண்டு. கரைக்கும்போது இரண்டும் இல்லை.

நான்காண்டுகள் இந்தக் கரிசல் மண்ணில் நடந்து, பலன் காணாமல் மடிந்த ஒரு கணிதவியலர், எளிய மக்களை நம்பி, ஆளுக்கொரு மாதம் என்று பங்கு பிரித்தார். அந்த மக்களும் தம் பங்கை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவரை ஆபத்தான வேலைக்கு அனுப்பும் எவரும், அது ஆலயமாயினும் ஆலையாயினும், முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான்.