கப்பலோட்டிய தமிழர் காட்டிய தலைமை

தலைமை என்பது பிறரை ஏவுகின்ற பதவி எனப் பலர் எண்ணுகின்றனர். பிறர் சுமையைத் தானும் தாங்குவதே தலைமை என வாழ்ந்து காட்டியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே வளரும் சப்ரகமுவ இளைஞர் அன்னாரின் வரலாற்றை அறிதல் வேண்டும். ஏனெனில், 1914ஆம் ஆண்டு தலைமன்னார்ப் பாதை திறக்கப்படுமுன், நம் முன்னோருட் பலர் தூத்துக்குடியிலே கப்பலேறித்தான் கொழும்பில் வந்திறங்கினர். அக்கடல் வழியே அவரது போராட்டக் களமாயிற்று.

1872 செப்டெம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்து, வழக்கறிஞரானார் அவர். தூத்துக்குடி – கொழும்புக் கப்பற் போக்குவரத்து அந்நாளில் ஆங்கிலக் கம்பனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கு ஒன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். செல்வர் சிலரின் உடைமையாக அன்றி, பலரின் உடைமையாக அது விளங்க வேண்டும் என்பதே நோக்கம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பனியோ கட்டணத்தை ஒரு ரூபா வரை குறைத்து, அதனை நசுக்க முயன்றது.

இத்தகைய நெருக்கடியிலே, தம் கம்பனியை மட்டும் காப்பதே போதும் என அவர் இருந்தாரில்லை. 1908 பெப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவுடன் அவர்கள் பக்கம் நின்றார். ஏறத்தாழ ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. வேறொருவர் ஆலையின் தொழிலாளர்க்காக ஒரு கம்பனித் தலைவர் வீதியில் இறங்கியது அக்காலத்தில் அரிய செயலாகும்.

அதே மார்ச்சில் அவர் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனையாக 40 ஆண்டுகள் விதிக்கப்பட்டன, மேன்முறையீட்டிற் குறைந்தது. கோவைச் சிறையிற் செக்கிழுத்தார். 1912 இறுதியில் விடுதலையானபோது வரவேற்க வந்தோர் மிகச் சிலரே. அதற்குள் கம்பனியும் கலைந்திருந்தது. பின்னர் வறுமையோடு போராடிய அவர், 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

இவ்வாழ்விலே நமக்கு இரு பாடங்கள் உள. ஒன்று, அவர் உயர்வு. மற்றொன்று, அவர் சிறை சென்றபின் கம்பனியைத் தாங்க வல்லார் இல்லாது போன குறை. ஒருவர் தோளிலே நிற்கும் நிறுவனம் அவரோடு சாயும். மன்றமாயினும் சங்கமாயினும் இதுவே விதி. அடுத்தவரைப் பழக்காத தலைமை அரைத் தலைமையே.

நம் இளைஞருட் சிலர் நாளை கணக்கப்பிள்ளையாகலாம்; சிலர் கொழும்பிலே அலுவலகங்களை நடத்தலாம். பிரட்டுக் களத்திலே பேர் போடுமிடத்தில், முகம் பாராது உழைப்பைப் பார்த்துப் பேர் போடுபவனே தலைவன். நோயுற்றவளை அதட்டாது அனுப்புபவனே தலைவன். பதவி வந்தபின் லயத்தை மறவாதவன் எவனோ, அவனே கப்பலோட்டிய தமிழரின் வழித்தோன்றல் எனத்தக்கான். அத்தகையோர் நம் மன்றத்திலிருந்து பலராய் எழுவாராக!