கதவைத் தட்டிய கமலா!

குட்டீஸ்... நல்ல மார்க் வாங்கியும், பெண் என்பதால் சீட் தரவில்லை என்றால், என்ன செய்வீர்கள்?

பம்பாயில் பி.எஸ்சி., முடித்த கமலா சோஹோனி, 1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். அதன் இயக்குனர், நோபல் பரிசு பெற்ற சர்.சி.வி.ராமன். பெண் என்பதால், அவர் இடம் தர மறுத்துவிட்டார்.

கமலா சோர்ந்து உட்காரவில்லை. நேரில் போய் நியாயம் கேட்டார். பிடிவாதமாக நின்றார். கடைசியில், ஓராண்டு சோதனை முறையில் மட்டும் இடம் கிடைத்தது. அந்த நிபந்தனை அவர் மனதை மிகவும் வாட்டியது. ஆனாலும், பால், பயறு வகைகளில் உள்ள புரதங்களை ஆராய்ந்து, ராமனின் மனதையே மாற்றிவிட்டார்.

1939ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1998ல் மறைந்தார்.

அவர் தட்டித் திறந்த கதவு வழியாகத்தான், பிறகு எத்தனையோ அக்காக்கள் உள்ளே போனார்கள் குட்டீஸ்!