மக்கட்பெருக்கத்தைக் கணக்கிட்ட மால்தஸ்

பொருளாதாரப் பாடம் எடுத்த தோழியர் யாவரும் மால்தஸ் என்னும் பெயரை அறிவர். மக்கள்தொகை பெருக்குத் தொடரில் வளர்கிறது, உணவு கூட்டுத் தொடரில் வளர்கிறது என்று தேர்வில் எழுதுகிறோம். இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. அத்தோடு அவரை விட்டுவிடுகிறோம். இன்று மக்கள்தொகை வளர்ச்சியை ஒரு மாதிரியாக அமைத்துக் காட்டும் கணினி மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றைக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் வரையும் படம், இம்மனிதர் 1798 ஆம் ஆண்டில் காகிதத்தில் போட்ட கணக்கேயாகும். ஆகவே அவருடைய வாழ்க்கையையும் அந்தக் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1766 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் டார்க்கிங் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். வீட்டில் அவரை ராபர்ட் என்றே அழைத்தனர். தந்தையார் டேனியல் மால்தஸ் செல்வர், நூல்களில் தோய்ந்தவர், பிரெஞ்சு அறிஞர் ரூசோவிடம் பெரும் பற்றுக் கொண்டவர். குழந்தை பிறந்த சில வாரங்களில் ரூசோவும், தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமும் அவ்வீட்டிற்கு வந்து சென்றனர். ஆனால் அக்குழந்தைக்கு உதடும் அண்ணமும் பிளவுபட்டிருந்தன. அண்ணப் பிளவைச் சீராக்கும் அறுவை மருத்துவம் அந்நாளில் இல்லை. வாழ்நாள் முழுவதும் அவருடைய பேச்சில் அக்குறை இருந்தது.

1784 இல் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்து, 1788 இல் கணிதத் தேர்வில் ஒன்பதாவது இடம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாக அவர் விரும்பியபோது, இந்தப் பேச்சோடு மேடை ஏறுவது எப்படி என்று கல்லூரித் தலைவர் தயங்கினார். நாட்டுப்புறத்தில் அமைதியான ஒரு சிறு பங்கு கிடைத்தால் போதும் என்பதே இளைஞரின் விடை. அவ்வாறே சர்ரேயில் காட்டை ஒட்டிய ஓக்வுட் சிற்றாலயத்தில் பணியாற்றினார். அங்குள்ளோர் ஏழை உழவர்கள்; ரொட்டியே அவர்களது முதன்மை உணவு. ஆலயப் பதிவேட்டிலோ ஞானஸ்நானங்கள் மிகுதி, அடக்கங்கள் குறைவு. பிறப்பும் இறப்பும் பதிவான அத்தகைய ஏடுகள் அந்நாளில் எல்லாக் கோயில்களிலும் இருந்தன. அவற்றைக் கணக்கு மாணவரின் கண்கொண்டு பார்த்தவர் சிலரே.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகள் அவை. மனித அறிவு வளர வளர வறுமையும் நோயும் ஒழியும் என்று இங்கிலாந்தில் காட்வினும் பிரான்சில் கொண்டார்சேயும் எழுதியிருந்தனர். தந்தையார் அதனை மனமார நம்பினார். மகனால் நம்ப முடியவில்லை. வீட்டில் தொடங்கிய வாதம் நூலாக வளர்ந்து, 1798 இல் ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. நாட்டில் எத்தனை மக்கள் உள்ளனர் என்பதே அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. குறைந்து வருகின்றனர் என்று வாதிட்டோரும் இருந்தனர். பிரிட்டனின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801 இல்தான் நடைபெற்றது.

நூலில் அவர் காட்டிய கணக்கு இது. தீவில் 70 இலட்சம் மக்கள் என்று கொள்வோம். நிலம் நிறைய இருந்த அமெரிக்காவில் மக்கள் 25 ஆண்டுகளில் இரட்டித்ததால், இங்கும் தடையில்லாவிடில் அவ்வாறே இரட்டிக்கட்டும். 25 ஆண்டில் 140 இலட்சம், 50 இல் 280, 75 இல் 560, நூறாம் ஆண்டில் 1,120 இலட்சம். உணவோ ஒவ்வொரு 25 ஆண்டுக்கும் இன்னொரு 70 இலட்சம் பேருக்குப் போதுமான அளவு கூடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறாம் ஆண்டில் 350 இலட்சம் பேருக்கே உணவு. மீதி 770 இலட்சம் பேர் என் செய்வர்?

இதனைக் கணினியில் அமைப்பது எளிது. நம் ஊர் ஏரியை எண்ணிக்கொள்வோம். ஏரியில் நிற்கும் நீர், மக்கள்தொகை. அதற்காக ஒரு கட்டம் வரைகிறோம். வரத்துக்கால் பிறப்பு, மதகு வழியே வெளியேறுவது இறப்பு. இரண்டிற்கும் அம்புகள் இடுகிறோம். ஏரிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏரிக்கு வரும் நீர் மழையைப் பொறுத்தது; மக்கள் ஏரிக்கு வரும் நீரோ உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கட்டத்திலிருந்து வரத்துக்காலுக்கு ஒரு வளைந்த கோடு திரும்பிச் செல்ல வேண்டும். அந்தக் கோடுதான் மால்தஸின் கண்டுபிடிப்பு எனலாம்.

1,000 பேரில் தொடங்கி, ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 30 பிறப்பு, 10 இறப்பு என்று எண்களை இடுவோம். முதல் ஆண்டு முடிவில் 1,020. சிறு மாற்றம்தான். ஆனால் 35 ஆம் ஆண்டில் 2,000. 70 இல் 4,000. 105 இல் 8,000. திரையில் கோடு முதலில் தரையோடு படர்ந்து, பிறகு தென்னைபோல் நிமிர்கிறது. மக்கள் பக்கத்தில் ஓர் எண்ணையும் நாம் மாற்றவில்லை என்பதே இதில் வியப்பு.

இங்கே மால்தஸுக்கு இழைக்கப்பட்ட ஓர் அநீதியைச் சொல்ல வேண்டும். மக்கள் இப்படிப் பெருகிவிடுவர் என்று அவர் ஆரூடம் கூறியதாகவே பலரும் எண்ணுகின்றனர். அவர் கூறியது அதன் மறுதலை. இப்படிப் பெருக முடியாது. ஏதேனும் ஒன்று தடுத்தே தீரும் என்றார். பஞ்சம், கொள்ளைநோய், போர் ஆகியவை இறப்பு மதகைத் திறப்பவை. பிறப்பை அடைப்பவை வேறு. 1799 இல் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளுக்கும், 1802 இல் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகியவற்றிற்கும் சென்று செய்தி திரட்டினார். 1803 இல் தம் பெயரோடு, பல மடங்கு பெரிய நூலாக இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதில் மனிதரே விரும்பி ஏற்கக்கூடிய ஒரு தடையைச் சேர்த்தார்: குடும்பத்தைக் காக்கும் வருவாய் வரும்வரை திருமணத்தைத் தள்ளிப்போட்டு, ஒழுக்கமாக வாழ்வது. மாதிரியின் மொழியில் சொன்னால், திருமண வயதிலிருந்து பிறப்புக்கு ஓர் அம்பு வரைந்துவிட்டார்.

அவரும் 38 ஆம் வயதில், 1804 இல், ஹாரியட் எக்கர்சாலை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். மகள் லூசி பதின்ம வயதிலேயே இறந்தாள். பதினொரு பெண்களைப் பெற்றவர் என்று பிற்காலத்தில் கேலியாக எழுதி வைத்தவர்களும் உண்டு. அது வெறும் கட்டுக்கதை.

ஆனால் அவருடைய எழுத்தில் நம்மால் ஏற்க முடியாத கடுமை உண்டு. ஏழைகளுக்குப் பங்குதோறும் சட்டப்படி வழங்கிய உதவி, உணவைப் பெருக்காமல் உண்ணும் வாய்களையே பெருக்குகிறது என்று கருதி, அதனைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். இயற்கையின் விருந்தில் இடமில்லாமல் வந்தவர் எழுந்து போகவேண்டியதுதான் என்னும் கருத்தில் 1803 பதிப்பில் ஒரு பகுதி எழுதினார். எதிர்ப்பு எழுந்தது, அடுத்த பதிப்பில் அதனை நீக்கிவிட்டார். நீக்கினாலும் மக்கள் மறக்கவில்லை. அதே மனிதர்தாம், ஏழைப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கப் பங்குதோறும் பள்ளிகள் வேண்டும் என்றும் வாதாடினார். இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

1805 இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பும் இளம் அலுவலர்களுக்கென அமைத்த கல்லூரியில் பேராசிரியரானார். வரலாறும் அரசியல் பொருளாதாரமும் அவருடைய பாடங்கள். கல்லூரி 1809 இல் ஹெய்லிபரியில் நிலைபெற்றது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்களில் வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் வரவிருந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அவர் முன் அமர்ந்து கேட்டனர். பாப்புலேஷன் என்ற சொல்லைச் சுருக்கி, பாப் என்று அவருக்குப் பட்டப்பெயரும் வைத்தனர். பொருளாதாரக் கொள்கையில் அவரோடு ஓயாமல் மோதிய டேவிட் ரிக்கார்டோவோ அவருக்கு உயிர்த்தோழர். 1823 இல் ரிக்கார்டோ இறக்கும்வரை இருவரும் கடிதங்களில் வாதாடிக்கொண்டே இருந்தனர்.

ஹாரியட் மார்ட்டினோ என்னும் பெண் எழுத்தாளர் பொருளாதாரக் கருத்துகளைக் கதைகளாக எழுதிப் புகழ்பெற்றவர். அவருக்குக் காது கேளாது. குழல் ஒன்றைக் காதில் வைத்தே உரையாடுவார். பேச்சுக் குறையுடைய மால்தஸைச் சந்திக்க வேண்டியபோது மிகவும் அஞ்சினார். ஆனால் குழலே இல்லாமல் அவர் பேச்சு நன்றாகக் கேட்டது என்று பின்னர் மகிழ்ச்சியோடு எழுதினார். உலகம் கொடியவராக எண்ணிய அவர், நேரில் பழகினோருக்கு மிக மென்மையானவராகவே தோன்றினார். 1834 ஆம் ஆண்டு டிசம்பரில் பாத் நகரில் காலமாகி, அந்நகரின் பெரிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஏழைகளுக்கான உதவியைப் பெரிதும் சுருக்கிய புதிய சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

அவருடைய கணக்கு அவரோடு புதைபடவில்லை. அவரிடம் பயின்ற சார்லஸ் டிரெவெல்யன், 1840 களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் அரசு நிவாரணத்தைக் கவனித்தார். அதனை இறுக்கிப் பிடித்தார் என்ற பழி இன்றும் அவர்மேல் உண்டு. 1859 இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவரும் அவரே. 1876 முதல் 1878 வரை நம் மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது வைசிராயாக இருந்த லிட்டன், இந்தியாவில் மக்கள் உணவைவிட விரைவாகப் பெருகுகின்றனர் என்றே கருதினார். அவர் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், ஹெய்லிபரியில் படித்தவர். மால்தஸ் காலத்திற்குப் பிறகு அங்கு சேர்ந்தவர். நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம், தானியமும் ஓர் அணாவுமே கூலியாகப் போதும் என்று அவர் குறைத்தார். இது உயிர் வாழவே போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதற்கிடையே தானியம் கப்பலேறிக் கொண்டும் இருந்தது. பல இலட்சம் பேர் மாண்டனர். கணக்கில் தடை என்று ஒற்றைச் சொல்லாக நிற்பது, நம் ஊர்களில் அப்படித்தான் நேர்ந்தது. 42 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரை இதற்குக் குற்றவாளியாக்க நாம் துணியோம். ஆயினும் அவருடைய கோடு எத்தனை வசதியான சாக்காயிற்று என்பதைச் சொல்லாமல் விடவும் இயலாது.

அறிவியலில் அக்கணக்கு நன்மையே செய்தது. 1838 இல் அந்நூலைப் படித்த சார்லஸ் டார்வினுக்கு இயற்கைத் தேர்வு என்னும் கருத்துத் தோன்றிற்று. அதே ஆண்டில் பெல்ஜியத்தில் வெருல்ஸ்ட் என்னும் கணித அறிஞர், வரம்பை நெருங்க நெருங்க வளர்ச்சி தானே தளரும்படி ஒரு சமன்பாடு அமைத்தார். நம் மாதிரியில் வரம்பு 4,000 என்று வைத்தால், 2,000 பேரை எட்டும்போது வளர்ச்சி வேகம் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும்; கோடு நிமிர்ந்து, பிறகு மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். தம் நாட்டின் வரம்பு 66 இலட்சம் என்றார். பிறகு 94 இலட்சம் என்று திருத்தினார். இன்று பெல்ஜியத்தில் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். வரம்பே நகர்ந்துவிட்டது.

இந்தக் கட்டங்களையும் அம்புகளையும் கணினியில் ஓட்டும் முறையை 1950 களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பாரஸ்டர் உருவாக்கினார். 1972 இல் டொனெல்லா மெடோஸ் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் உலகம் முழுவதற்கும் அவ்வாறு ஒரு மாதிரி அமைத்து நூல் வெளியிட்டனர். 1985 இல் ஸ்டெல்லா என்னும் மென்பொருள் வந்தபின், பள்ளிப் பிள்ளைகளும் அதனை வரையலாம் என்றாயிற்று.

மால்தஸ் உலகத்துக்கும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். தொடக்கத்தில் 100 கோடிப் பேர் என்று கொண்டால், தடையற்ற பெருக்கத்துக்கும் உணவுக்கும் உள்ள விகிதம் 225 ஆண்டுகளில் 512 க்கு 10 ஆகும் என்றார். அந்த 225 ஆண்டு 2023 இல் நிறைவுற்றது. அவர் கணக்குப்படி 51,200 கோடி மக்களும், 1,000 கோடிப் பேருக்கு உணவும் இருந்திருக்க வேண்டும். உண்மையில் மக்கள் 800 கோடியைச் சற்றே தாண்டியுள்ளனர். காற்றிலிருந்து உரம் செய்யும் முறையும், குட்டை ரக நெல்லும் கோதுமையும் உணவைப் பெருக்கின. பிறப்பைக் குறைத்ததோ பெரும்பாலும் பஞ்சம் அன்று. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த இடங்களிலும், பெண்கள் நெடுங்காலம் படித்துத் தாமதமாக மணந்த இடங்களிலும் பிறப்பு குறைந்தது. வசதி கூடினால் பிள்ளைகளும் கூடும் என்றே பெரிதும் எண்ணிய மால்தஸ் இதனை எதிர்பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறை தன் அளவில் நிலைக்க 2.1 வேண்டும். ஆயினும் மக்கள்தொகை உடனே குறைந்துவிடாது. ஏனெனில் முன்பு பிறந்த பெருங்கூட்டம் இன்று தாய்மாராகும் வயதில் உள்ளது. இதனைக் காட்ட மால்தஸின் ஒற்றைக் கட்டம் போதாது. சிறுவர், மணவயதினர், முதியோர் என மூன்று கட்டங்கள் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாய்க்கால் வெட்டி, நடுக்கட்டத்திலிருந்து மட்டும் பிறப்புக்கு அம்பு இட வேண்டும்.