வேடம் வேறு, மனிதர் வேறு

தஞ்சோங் மாலிம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் படம் பார்த்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்குச் சிவாஜி கணேசன் என்றால் சிவபெருமான்தான். ஆனால், தொடக்கத்தில் ரசிகர்கள் பலர் அவரை நாத்திகர் என்றே நம்பினார்கள்.

1928 அக்டோபர் 1-இல் பிறந்த வி.சி.கணேசன், அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தார். அதைப் பார்த்த பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்தது. 1952-இல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் வெளிவந்த ‘பராசக்தி’, கோயிலின் பெயரால் நடக்கும் கொடுமைகளைச் சாடியது. வசனம் பேசியவரும் பகுத்தறிவாளர்தான் என்று பலர் முடிவு கட்டினர். 1956-இல் அவர் திருப்பதிக்குச் சென்று வந்ததும் திராவிட இயக்கத்தினர் கொதித்தெழுந்தனர். மனம் நொந்து இயக்கத்தை விட்டு விலகினார். பின்னர் காமராஜரைத் தலைவராக ஏற்றார்.

அதன்பின் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் முஸ்லிமாக வளர்ந்தவர், ‘திருவிளையாடல்’ படத்தில் சிவன், ‘ஞான ஒளி’யில் கிறிஸ்தவர். எல்லாம் வேடங்களே.

ரசிகர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கும் ஒருமுறை தப்பியது. 1988-இல் தனிக்கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். கைதட்டியவர்கள் எல்லாரும் வாக்களிக்கவில்லை. 2001 ஜூலை 21-இல் மறைந்தார்.

இன்றும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நடிகரின் மதத்தையும் கட்சியையும் நாமே முடிவு செய்கிறோம். அதற்கு முன் அந்தத் திருப்பதிப் பயணத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.